ஆறு பேரோடு ஒரு சீசன்

விசில் ஊதவும் கோடு போடவும் நமக்குக் கற்றுத் தருகிறார்கள். பயிற்சிக்கு அட்டவணை தயாரிக்கவும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது, கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்பதை எந்தப் படிப்பும் சொல்லித் தருவதில்லை. உடற்கல்வி இயக்குநராகப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் நான் பேச விரும்புவது அந்த நாற்காலியைப் பற்றித்தான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இது. அரூர்ப் பக்கம் இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் அப்போது வேலை பார்த்தேன். ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு பெண் பயிற்சியாளரா என்று முதல் வருடம் முகம் சுளித்தவர்கள் அதற்குள் ஓய்ந்துபோயிருந்தார்கள். அந்த ஆண்டு எங்களிடம் நல்ல அணி இருந்தது. கேப்டன் பிரவீன், பாப்பாரப்பட்டிக்காரன், நல்ல உயரம். பந்து அவன் கைக்குப் போனால் பாதிப் புள்ளி வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். அவனோடு சேர்த்து முதல் ஐந்து பேரும் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர்கள். மாலையில் மைதானம் அவர்களுடையது.

மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுத்து முடித்த பிறகு விடுதியில் மஞ்சள் காமாலை வந்தது. முதலில் ஒருவன் சோறு வேண்டாம் என்றான். அடுத்து இன்னொருவனுக்குக் கண் மஞ்சளானது. அந்த வாரம் முடிவதற்குள் என்னுடைய முதல் ஐந்து பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பிரவீனை அவன் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். பஸ் ஏறும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நோயைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

மிச்சம் ஆறு பேர். தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மாலைப் பயிற்சிக்கு நின்றால் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவார்கள் என்பதால், கால் மணி நேரம் ஆடிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். போன ஆண்டு முழுக்க அவர்கள் ஆடிய நேரத்தைவிடத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த நேரம்தான் அதிகம்.

முதல்வர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். கல்லூரியின் பெயர் கெடக்கூடாது என்ற கவலை அவருக்கு.

"பேரை வாபஸ் வாங்கிக்கலாங்க மேடம். காரணம் இருக்குது. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார்.

"நாளைக்குச் சொல்றேங்க சார்" என்றேன்.

ஆறு பேரையும் சேர்த்து நிறுத்தி 'ஆடலாமா' என்று நான் கேட்கவில்லை. கூட்டமாகக் கேட்டால் எல்லோரும் 'ஆடலாம்' என்றுதான் சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவன் முன்னால் வேறென்ன சொல்ல முடியும்? ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தனித்தனியே கேட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இரண்டு பேர் தயங்கினார்கள். ஒருவன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்றான். சித்தேரி மலையிலிருந்து வரும் அண்ணாமலை சொன்னான்:

"பயமாத்தாங்க இருக்குது மேடம். ஆனா வாபஸ் வாங்கிட்டா, நாங்க எப்படி ஆடுவோம்னு எங்களுக்கே தெரியாம போயிருங்க."

அதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தயங்கியவர்களும் அப்பாவைக் கேட்கப் போனவனும் மறுநாள் தாங்களாகவே வந்து சரி என்றார்கள். முதல்வரிடம் போய், அணி போகிறது என்று சொல்லிவிட்டேன்.

பயிற்சிக்கு நேரம் கிடைத்ததும் தற்செயல்தான். ஊர்ப் பஸ்கள் ஒன்று சீக்கிரம் வரும், இல்லாவிட்டால் ரொம்பத் தாமதமாக வரும். அதனால் இந்தப் பையன்கள் வகுப்பு தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே வந்து, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் செல்போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டேன். காலை வெயில் ஏறுவதற்குள் ஆடி முடித்து, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவார்கள். ஒரே வாரத்தில் அவர்கள் நடையே மாறியது. மைதானம் தங்களுடையது என்று தெரிந்தவர்களின் நடை அது.

மண்டலப் போட்டிக்கு முன்பு பழகிக்கொள்ளட்டும் என்று சேலத்தில் ஒரு அழைப்புப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் பட்ட அடியை எப்படிச் சொல்வது? பாதி ஆட்டத்திலேயே புள்ளிப் பலகையைப் பார்க்க முடியாமல் நான் தலையைக் குனிந்துகொண்டேன். மைக்கில் பேசியவர், "தர்மபுரிப் பசங்களுக்கும் யாராச்சும் பந்தைக் காட்டுங்கப்பா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அன்று எங்கள் பக்கம் மிக உயரமானவன் தீர்த்தமலைப் பக்கத்து லோகேஷ். ரிங்குக்கு நேர் கீழே நின்று நான்கு முறை எறிந்தான். நான்கும் வெளியே போயின.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பையன்கள் யாரும் இறங்கவில்லை. நான் டீயை வாங்கி உள்ளே எடுத்துப்போய்க் கொடுத்தேன். தோற்றுவிட்டு வரும் அணியிடம் அந்தச் சமயத்தில் புத்திமதி சொல்லாதீர்கள். காதில் ஏறாது. பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பேச வேண்டியவன் தானாகப் பேசுவான்.

பேசியவன் அண்ணாமலை.

"நாங்க பிரவீன் அண்ணன் ஆடற மாதிரியே ஆடப் பாத்தோங்க மேடம். வேகமா ஓடறது, உடனே எறியறது. எங்களுக்கு அது வராதுங்க."

"உனக்கென்னப்பா, மலைக்காரன். நீ ஓடமாட்டியா?" என்றான் பின்சீட்டிலிருந்து கோபி. அந்த ஆறு பேரில் ஓரளவு குறி பார்த்து எறியத் தெரிந்தவன் அவன்தான். வாயும் கொஞ்சம் அதிகம்.

"மலைக்காரன்னா ஓடுவான்னு உங்களுக்கு யாருடா சொன்னது? அங்க ஓடுனா உருண்டு கீழதான் வந்து வுழணும். நாங்க நடக்கத்தான் செய்வோம்" என்றான் அண்ணாமலை.

வண்டி முழுக்கச் சிரித்தது. அந்த நாளில் அவர்கள் சிரித்த முதல் சிரிப்பு. எனக்கோ சிரிப்போடு வேறொன்றும் சேர்ந்து வந்தது. ஆறு பேரை வைத்துக்கொண்டு வேகமாக ஆடினால் பாதி ஆட்டத்தில் மூச்சு போய்விடும். மூச்சு போனால் கை தவறும், கை தவறினால் ஃபவுல் ஏறும், ஃபவுல் ஏறினால் ஆள் குறையும். நாம் ஏன் நடக்கக்கூடாது?

மறுநாள் காலையிலிருந்து மெதுவாக ஆடப் பழகினோம். பந்து கைக்கு வந்தால் இருபத்து நான்கு வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பது விதி. மற்ற அணிக்காரர்கள் ஏழெட்டு வினாடியில் எறிந்துவிடுவார்கள். நாங்கள் அந்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டோம். பந்தைக் கை மாற்றி, கை மாற்றி, எதிரி பொறுமை இழந்து இடத்தை விட்டு நகரும்வரை காத்திருந்தோம். அண்ணாமலை அதற்கென்றே பிறந்தவன்போல ஆடினான். மூன்று பேர் சூழ்ந்து கையை ஆட்டினாலும் அவன் முகம் மாறாது.

மண்டலப் போட்டி தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் நடந்தது. முதல் ஆட்டத்தில் எங்களைப் பார்த்துக் கூட்டம் கூச்சல் போட்டது. "பந்தைப் போடுங்கடா, தூக்கம் வருது" என்று ஒருவர் கத்தினார். நாங்கள் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டம் ஓசூர்ப் பக்கத்து அணியோடு. வீட்டில் தெலுங்கு பேசும் கோபியும் இன்னொருவனும், எதிரிக்குப் புரியக்கூடாது என்று தெலுங்கில் குறிப்புச் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஓசூர்ப் பையன்கள் இவர்களைவிட நன்றாகத் தெலுங்கு பேசினார்கள். முதல் கால் பகுதி போன பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அதையும் சமாளித்து ஜெயித்தோம். அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் கோபி ஒரு பந்தை எறிந்து காப்பாற்றினான். கூச்சல் போட்ட கூட்டம் அதற்குள் எங்கள் பக்கம் வந்துவிட்டிருந்தது. இருபத்து நான்கு வினாடியையும் எங்களோடு சேர்ந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள்.

இறுதி ஆட்டத்தன்று காலையில் பிரவீன் வந்து நின்றான். கூடவே அவன் அம்மா. கண் தெளிந்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது.

"வூட்டுல நிக்கவே மாட்டேங்கறானுங்க. கீழாநெல்லி, மாத்திரைன்னு எல்லாம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். ஓடக்கூடாது, அடிபடக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லியிருக்காருங்க. பாக்கறதுக்கு மட்டும்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்" என்றார் அந்த அம்மா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நம்பி வுட்டுட்டுப் போறேங்க மேடம்" என்றார்.

நான் தலையாட்டினேன். ஒன்று சொல்கிறேன், இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று மாலை நான் ஒரு முடிவு எடுத்ததாகப் பலரும் சொல்கிறார்கள். மாலையில் நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. அந்த அம்மா கையைப் பிடித்த காலையிலேயே அது முடிந்துபோயிற்று. எதைச் செய்யவே மாட்டோம் என்பதை நெஞ்சு படபடக்காத நேரத்தில் முடிவு செய்து வைத்துவிட வேண்டும். நெருக்கடியில் மூளை நமக்காக வாதாடும். நாம் எதை விரும்புகிறோமோ அதுதான் சரி என்று அழகாக நிரூபித்துக் காட்டும்.

நான் முதன்முதலில் வேலை பார்த்த கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். காலில் அடிபட்ட ஒரு பையன் ஆடுகிறேன் என்று நின்றபோது, நான் அவனிடமே, "முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "ஆட்டக்காரனைக் கேக்காதீங்கம்மா. அவன் முடியும்னுதான் சொல்லுவான். முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் நம்மள வெச்சிருக்காங்க" என்றார். இத்தனை வருட வேலையில் எனக்கு அதிகம் உதவிய வாக்கியம் அது.

இறுதி ஆட்டம் சேலத்து அணியோடு. அழைப்புப் போட்டியில் எங்களைத் துவைத்து எடுத்த அதே அணி. பிரவீன் பெயர் அணிப் பட்டியலில் இருந்ததால் சீருடையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். உட்காரட்டும் என்று விட்டேன். அவன் அங்கே இருந்ததே பையன்களுக்குத் தெம்பு.

தொடக்கத்திலிருந்தே எங்கள் ஆட்டம் சேலத்துப் பையன்களைக் குழப்பியது. சிங்கம்போல ஓடப் பழகியவர்களை நாங்கள் நடக்க வைத்தோம். ஆனால் பாதி ஆட்டத்துக்கு முன்பே எங்களில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. தூக்கி வந்து உட்கார வைத்தோம். ஆறு ஐந்தானது. மாற்று ஆள் இல்லை. கடைசிக் கால் பகுதியில் நாங்கள் ஐந்து புள்ளி முன்னால் இருந்தபோது, கோபிக்கு ஐந்தாவது ஃபவுல் கொடுத்துவிட்டார்கள். ஐந்து ஃபவுல் ஆனவன் வெளியே போக வேண்டியதுதான். அவன் வந்து தரையில் உட்கார்ந்து பனியனைக் கடித்துக்கொண்டு அழுதான்.

ஐந்து நான்கானது.

பிரவீன் எழுந்துவிட்டான். சீருடைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே, "நான் போறேங்க மேடம்" என்றான். கூட்டம் அவனைப் பார்த்துவிட்டது. "பிரவீன், பிரவீன்" என்று கை தட்ட ஆரம்பித்தார்கள்.

"உக்காருப்பா" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க. எது ஆனாலும் நானே பொறுப்புங்க மேடம்."

"இதுல உனக்குப் பொறுப்பு கிடையாது. என்னுது. உக்காரு."

"தோத்துருவோங்க."

"தோத்தா நான் தோத்ததா இருக்கட்டும்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முதல்வரும் எழுந்து வந்துவிட்டார். "பையன் பாக்க நல்லாத்தானே இருக்கான் மேடம்? கொஞ்ச நேரந்தானே?" என்று குனிந்து கேட்டார். நான் எழுந்து நின்றுதான் பதில் சொன்னேன். "இல்லீங்க சார்." அவர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனார். நடுவர் அருகில் வந்து, பெஞ்சில் ஆள் இருக்கிறதே என்றார். "உடம்பு சரியில்லாத பையன். ஆடத் தகுதியில்லை. நாலு பேர்தான்" என்றேன். அவர் விசிலை வாயில் வைத்தார்.

பிரவீன் துண்டைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான்கு பேரை வைத்து ஐந்து பேரைத் தடுப்பது என்றால், எப்போதும் ஒருவன் தனியாக நிற்பான். சேலத்துக்காரர்கள் அந்த ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எங்கள் முன்னிலை கரைந்தது. மூன்று, ஒன்று, பிறகு சமம். கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு புள்ளி முன்னால் போனார்கள். பந்து எங்கள் கைக்கு வந்ததும் எனக்கு மிச்சமிருந்த ஒரே டைம்-அவுட்டைக் கேட்டு வாங்கினேன்.

நான்கு பேரும் வந்து என்னைச் சுற்றி நின்றார்கள். யாருக்கும் பேச மூச்சில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பு பக்கத்திலிருந்து குரல் வந்தது. பிரவீன் துண்டை எடுத்துவிட்டிருந்தான். கண் சிவந்திருந்தது. குரல் தெளிவாக இருந்தது.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாங்களா?"

"சொல்லு."

"இவ்வளவு நேரம் பாத்துட்டேங்க. லோகேஷ ஒருத்தனும் கண்டுக்கறதே இல்ல. அவன் போட மாட்டான்னு முடிவு பண்ணி, அவன்கூட நிக்கற ஆளும் அண்ணாமலைகிட்ட ஓடியாறான். இப்பவும் அப்படித்தான் வருவானுங்க. லோகேஷுக்குக் குடுங்க."

லோகேஷ் அவனைப் பார்த்தான். "வுட்டுட்டேன்னா அண்ணா?"

"வுட்டா வுட்டுட்டுப் போ. போர்டுல இருக்கற கட்டத்த மட்டும் பாரு. ரிங்க பாக்காத."

நான் அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. அண்ணாமலையிடம் மட்டும், "அவசரமே இல்ல" என்றேன்.

அவர்கள் ஆட்டத்துக்குள் போனார்கள். அண்ணாமலை பந்தைத் தட்டிக்கொண்டு நின்றான். கூட்டம் எண்ண ஆரம்பித்தது. ஒருவன் வந்தான். இவன் திரும்பிக்கொண்டான். இரண்டாமவன் வந்தான். கையை நீட்டிப் பறிக்கப் பார்த்தான். இவன் முதுகைக் காட்டிப் பந்தை மறைத்தான். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் பிரவீன், "இரு, இரு, இரு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது ஆளும் லோகேஷை விட்டுவிட்டு அண்ணாமலையை நோக்கி ஓடினான்.

பந்து மூன்று பேர் கால்களுக்கு நடுவே தரையில் ஒருமுறை பட்டு எழும்பி லோகேஷ் கைக்குப் போனது.

அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவன் அவசரப்படவில்லை. இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, கட்டத்தைப் பார்த்து எறிந்தான். பந்து போர்டில் பட்டு, ரிங்கின் விளிம்பில் ஏறி, ஒரு சுற்று சுற்றி, உள்ளே விழுந்தது.

இன்னும் சில நொடிகள் இருந்தன. சேலத்துப் பையன் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து போர்டைத் தாண்டிப் போனது. விசில் ஒலித்தது. அதற்குப் பிறகு எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கோபி நொண்டிக்கொண்டிருந்தவனையும் இழுத்துக்கொண்டு உள்ளே ஓடுவதைப் பார்த்தேன். லோகேஷ் நின்ற இடத்திலேயே நின்று, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல்வர் தன் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு, வயதை மறந்து, நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

பிரவீன் ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"கோபமாப்பா?" என்று கேட்டேன்.

"ரொம்பக் கோபங்க மேடம்" என்றான். சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைபோல என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்துக்கொண்டே அழுதான்.

சேலத்து அணியின் பயிற்சியாளர் வந்து கை கொடுத்தார். "நாலு பேரை வெச்சு ஜெயிச்சுட்டீங்களே மேடம்" என்றார். நீங்களும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்தப் பந்து உள்ளே விழாமல் வெளியே விழுந்திருக்கலாம். அப்போது ஊர் என்னைத் திட்டியிருக்கும். அப்போதும் நான் செய்தது சரியாகத்தான் இருந்திருக்கும். ஜெயித்ததால் சரியாகிவிடவில்லை. இதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் ஜெயித்தோம். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

மண்டலங்களுக்கு இடையிலான போட்டி வந்தபோது விடுதிப் பையன்கள் ஒவ்வொருவராகத் தேறித் திரும்பியிருந்தார்கள். பிரவீனுக்கு டாக்டர் முழுதாக அனுமதி கொடுத்துவிட்டார். இப்போது எனக்கு வேறு விதமான சங்கடம். முதல் ஐந்து பேர் யார்? யோசித்துக்கொண்டே மைதானத்துக்குப் போனால், பிரவீன் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"அவனுங்களே ஆரம்பிக்கட்டுங்க மேடம். நம்மள இங்க கொண்டாந்தது அவனுங்கதானே" என்றான்.

அண்ணாமலையும் லோகேஷும் கோபியும் முதலில் இறங்கினார்கள். ஆட்டம் சூடு பிடித்ததும் பிரவீனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு, எதிரணியில் யார் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று விரலால் தன் தொடையில் குறித்துக்கொண்டிருந்தான்.

"பிரவீன், போ" என்றேன்.

அவன் எழுந்து உள்ளே போனதும், மைதானத்தில் நின்ற ஐந்து பேரும் ஆட்டத்தை மறந்துவிட்டுக் கை தட்டினார்கள்.